டெய்லரை நம்பாதவர்கள்

சொந்தத் துணியைச் சொந்தக் கையால் வெட்டி, சொந்த மெஷினில் தைத்து, சொந்தக்காரர்களுக்கு மாட்டிவிடும் ஓர் இனம் மனிதர்களில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அல்லது அவர்கள் தைத்ததைப் போட்டிருப்பீர்கள்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. கல்யாண வீட்டுக்குப் போனால் நீங்களும் நானும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்போம், பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்போம். இவர்கள் மணப்பெண்ணின் ரவிக்கைக் கையைப் பார்ப்பார்கள். ஜவுளிக்கடைக்குப் போனால் தொங்குகிற உடுப்புகளையெல்லாம் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் உள்பக்கமாகத் திருப்பி, தையலை நகத்தால் கீறிப் பார்த்து, கழுத்தின் வளைவை மனதில் பதிய வைத்துக்கொண்டு, கடைக்காரர் மனம் குளிர "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு, ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் வெளியே வருவார்கள். வாசலில் வைத்து நம் காதில் சொல்வார்கள்: "இதுக்குப் போயி டெய்லரு எதுக்குங்க? ஊட்டுலயே தெச்சுக்கலாம்."

தைப்பார்களா? தைப்பார்கள். அதுதான் சிக்கல்.

நான் அறிந்த வரையில் இந்த இனத்தின் தலைமை எங்கள் ஏற்காட்டில்தான் இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஏரிக்குப் போகும் சாலையில் எனக்கு மருந்துக்கடை. பக்கத்துக் கடை ஹனீபாவுடையது. மிளகு, காப்பித்தூள், குளிர் தெரியாமல் மலையேறி வந்துவிட்டவர்களுக்கு ஸ்வெட்டர், குல்லாய். கடைக்கு மேலே அவர் வீடு. அங்கே அவர் மனைவி ஜமீலாவின் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்போது என் கடையில் இருமல் மருந்துப் புட்டிகள் லேசாகக் குலுங்கும்.

யாரோ ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, பழைய சாமான்களோடு ஒரு பெட்டி நிறைய பேட்டர்ன் காகிதங்கள் ஜமீலாவின் கைக்கு வந்தன. மெல்லிய காகிதம், அதில் வெட்ட வேண்டிய கோடுகள், அம்புக்குறிகள். உறையின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் சில்வர் ஓக் மரம் மாதிரி நிற்பாள். அந்த உயரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆண்களே கிடையாது. ஜமீலா அதற்கெல்லாம் கலங்கவில்லை. அங்கே குறைத்து இங்கே கூட்டினால் சரியாகிவிடும் என்றார். எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஒரு தடவை சேலத்திலிருந்து கிளிப் படம் போட்ட துணி ஒரு கட்டு வந்தது. ஹனீபாவுக்குச் சட்டை, மகள் ரபியாவுக்குப் பாவாடை, தலையணை உறை, மெஷினுக்கு மூடி என்று அந்த வருஷம் வீடு முழுக்கக் கிளிகள். ஹனீபாவின் முதுகில் மட்டும் எல்லாக் கிளிகளும் தலைகீழாகத் தொங்கின. ஜமீலா துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியிருந்தார். மெதுவாகச் சுட்டிக்காட்டினேன்.

"கிளி அப்படியும் தொங்குமுங்கண்ணா" என்றார் ஜமீலா.

என்ன பதில் சொல்வீர்கள்? கிளி அப்படியும் தொங்கத்தான் செய்கிறது.

இந்த இனத்தாரிடம் எந்தக் குறைக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். சட்டை இறுக்கிப் பிடித்தால், போடப் போட இளகும். தொளதொளவென்று இருந்தால், துவைத்தால் சுருங்கும். ஒரு கை நீளமாக இருந்தால், நீங்கள் நேராக நிற்கவில்லை. ஜமீலா எனக்கும் அன்போடு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அதன் காலரைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. காலர் அடுத்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தார். பஸ் நிலையத்துப் பக்கம் முருகேசன் என்று நல்ல டெய்லர் ஒருவர் இருந்தார். ஜமீலா அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது உள்ளே உட்கார்ந்திருக்கிற வாடிக்கைக்காரர்களை, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு போவார்.

ஹனீபா குறையே சொல்ல மாட்டார். "அவ நொம்ப ஆசையாத் தெக்கறாளுங்க" என்பார், கிளிச் சட்டையின் அக்குளைத் தளர்த்திவிட்டபடி.

இப்படியே போயிருந்தால் நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ரபியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள்.

ரபியா நர்சரிப் பள்ளியில் டீச்சர். அமைதியான பெண். பிறந்ததிலிருந்து அம்மா தைத்ததையே போட்டு வளர்ந்ததால் முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடப்பாள். பார்ப்பவர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். முதலில் ஓர் இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். நல்ல குடும்பம். டீ குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்றைக்கு அவள் போட்டிருந்த உடுப்பின் தோள் இரண்டும் இரண்டு உயரத்தில் இருந்ததுதான் காரணம் என்று ஹனீபா உள்ளுக்குள் நம்பினார். பெண்ணுக்கே ஏதோ கோணல் என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

அடுத்ததாகச் சேலத்திலிருந்து கதீஜா என்ற அம்மாள், மகன் முகமது இஸ்மாயிலுக்காக வருவதாக ஏற்பாடு. ஹனீபா மறுபடியும் என்னிடம் வந்தார். இந்தத் தடவை மட்டும் முருகேசனிடம் கொடுத்துத் தைக்கலாமே, இதை ஜமீலாவிடம் நீங்கள் சொல்லிப் பாருங்களேன் என்றார். நான் மருந்து விற்பவன். விஷப் பரீட்சையெல்லாம் எனக்குப் பழக்கமில்லை.

ஜமீலா சுடிதார் தைப்பது என்று முடிவெடுத்தார். அப்போது சுடிதார் எங்கள் ஊருக்குப் புதுசு. பெங்களூரிலிருந்து வருகிற பெண்கள் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணின் முதுகுக் கழுத்து வெட்டைப் பார்ப்பதற்காக ஜமீலா ஏரிக்கரை முழுக்க அவள் பின்னாலேயே நடந்தார். அந்தப் பெண் பயந்துபோய் என் கடைக்குள் வந்து நின்றுகொண்டாள். நான் அவளுக்கு ஒரு பாட்டில் சோடா கொடுத்து, ஆபத்தில்லை, அளவுதான் எடுக்கிறார் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

ஊதா நிறத்தில் காப்பிப்பூ மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் பூ போட்ட துணி. உள்ளதைச் சொன்னால், ஜமீலா தன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் தைத்ததில்லை. வெட்டுவதற்கு முன்னால் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழுதார் என்று ஹனீபா சொன்னார். பூவெல்லாம் மேல் நோக்கியே இருந்தது. தோள் இரண்டும் சமமாக இருந்தது. ஆனால் அவர்கள் வருகிற அன்றைக்குக் காலையில், ரபியா அதைப் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, வலக் கை இடப் பக்கமும் இடக் கை வலப் பக்கமும் போயிருந்தன. தோளுக்குப் பின்னால் துணி புடைத்துக்கொண்டு நின்றது. பிரித்துத் தைக்க நேரமில்லை. கார் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டதாக ஆள் வந்து சொல்லிவிட்டான்.

இதற்குப் பிறகு உள்ளே நடந்ததை, ஒத்தாசைக்குப் போயிருந்த என் மனைவி சொன்னபடி சொல்கிறேன். ஹனீபா கதவருகே வந்து, பீரோவில் கடையில் எடுத்த சேலை இருக்கிறது, அதைக் கட்டிக்கொள் சாமி என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். ஜமீலா, தலைமுடியில் ஊதா நூல் ஒட்டியிருக்க, ஊசி குத்திய விரலை வாயில் வைத்தபடி சுவரோரம் நின்றார். ரபியா அம்மாவைப் பார்த்தாள். பீரோவைத் திறக்கவில்லை. துப்பட்டாவை எடுத்துத் தோள் இரண்டையும் மூடிக்கொண்டு, கதீஜா உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்தாள்.

கதீஜா பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை. பேர் கேட்கவில்லை. சுடிதாரின் கீழ் ஓரத்தை எடுத்துப் பட்டென்று உள்பக்கமாகத் திருப்பினார். பிறகு துப்பட்டாவை விலக்கித் தோளைப் பார்த்தார்.

"இது யாருங்க தெச்சது?"

"நாந்தானுங்க. ஊட்டுலயே" என்றார் ஜமீலா.

"கையை மாத்தி வெச்சுட்டீங்க."

ஜமீலா அசராமல் கதீஜாவின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்க ஜாக்கெட்டுக் கழுத்து ஒரு பக்கமா எறங்கியிருக்குதுங்க. நீங்களே தெச்சதுங்களா?"

கதீஜா தன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

அவ்வளவுதான். இருவரும் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு மெஷின் இருந்த அறைக்குப் போய்விட்டார்கள்.

முன்னறையில் ஆண்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை இஸ்மாயில் சேலத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், வாட்டசாட்டமானவர். குடைப் படம் போட்ட சட்டை போட்டிருந்தார். எதற்கு இவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்தேன். டீ வந்தபோது புரிந்தது. அவரால் கையை மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை. டம்ளரைப் பாதி வழியில் நிறுத்தி, வாயை அதனிடம் கொண்டுபோனார். மிச்சம் வைக்கவும் மனமில்லாமல், யாரும் பார்க்காதபோது மறுபடி மறுபடி குனிந்தார்.

பலகாரத் தட்டோடு வந்த ரபியா இதைப் பார்த்தாள். எத்தனை விருந்துகளில் அவள் அப்படிக் குடித்திருப்பாள்! மூலையிலிருந்த உயரமான முக்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு, டம்ளரை அதன் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். இஸ்மாயில் நிமிர்ந்து பார்த்தார். அவள் தோளில் புடைத்திருந்த துணியைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் அதற்கு முன் தலைவலி மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

சம்பந்தம் முடிவாயிற்று. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஒரே ஊரில் இரண்டு டெய்லர் கடை இருக்கலாம். ஒரே கல்யாணத்தில் டெய்லரை நம்பாதவர்கள் இரண்டு பேர் இருக்க முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி கதீஜா ஒரு நாள் காலையில் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்தார், ரவிக்கைத் துணியோடு. கூடவே மகனும் வந்திருந்தார். துணி எங்கள் வீட்டுத் துணி, நான்தான் தைப்பேன் என்றார் கதீஜா. உடம்பு எங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பு, நான்தான் தைப்பேன் என்றார் ஜமீலா. முதலில் சிரித்துக்கொண்டே பேசினார்கள். பிறகு சிரிக்காமல் பேசினார்கள். கதீஜா கை மாறிப்போன கதையை எடுத்தார். ஜமீலா கழுத்து இறங்கிய கதையை எடுத்தார். கடைசியில் கதீஜா, நிக்காஹ்வைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்து யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். ஹனீபா படியிறங்கி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

நானும் என் மனைவியும் போனபோது ரபியா அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, மாமி, ரெண்டு பேரும் கேளுங்க. துணி இங்க இல்லீங்க. காலையிலயே அவரு எடுத்துட்டுப் போயி முருகேசன் அண்ணன்கிட்டக் குடுத்துட்டாரு. நாந்தான் குடுக்கச் சொன்னேன்."

இஸ்மாயில் தரையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையாட்டினார். அளவுக்கு எந்த ஜாக்கெட் போயிற்று என்று ரபியா சொல்லவில்லை. என் மனைவியும் தன் பீரோவில் ரபியாவுக்குச் சரியாக இருக்கும் ஜாக்கெட் ஒன்று குறைவதைப் பற்றி அன்று பேசவில்லை.

ஜமீலா மெஷினுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் கண்ணு" என்றார். ரபியா போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களில் ஊசி குத்திய தடங்கள் இருந்தன என்பாள் என் மனைவி. நான் அவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை.

கதீஜா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். ஜமீலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த டெய்லரு ஓரத்தை எப்படீங்க மடிப்பாரு?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க" என்றார் ஜமீலா.

சாயங்கால பஸ் வரைக்கும் இருவரும் முருகேசனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நிக்காஹ் சொன்ன தேதியில் நடந்தது. மணப்பெண்ணுக்கு இரண்டு பக்கமும் சம்பந்திகள் உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிர், இழுப்பு, கோணல் என்று குறை கண்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார்கள். ரவிக்கை ரபியாவுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. அந்தப் பக்கம் கடையில் வாங்கிய சட்டையோடு இஸ்மாயில், வாழ்த்த வந்த ஒவ்வொருவரையும் இரண்டு கையையும் அகல விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை இரண்டு தடவை.

வாசகரே, எங்கேயோ மலைமேல் யாரோ ஒரு ஜமீலா என்று சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த இனம் மெஷினால் மட்டும் பெருகுவதல்ல. கை மாறிப்போன இடத்தைப் படித்தபோது, 'பிரித்துத் தைக்க அரை மணி நேரம் போதுமே, நானாக இருந்தால்' என்று உங்களுக்குத் தோன்றியதா? இப்போது உங்கள் விரல் உங்கள் சட்டையின் ஓரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கிறதா?

அப்படியானால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, கொஞ்சம் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.