முத்திரை இல்லாத ஒரு வரி

"எழுபது லட்சம் பேர் பாத்துக்கிட்டிருக்கும்போது நான் என் பெண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுல ஒருத்தர்கூடக் கவனிக்கலை."

ரோதியோன் லூகிச் இதைச் சொல்லாத நாள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு முற்றத்தில் கிடையாது. திங்கட்கிழமை எழுபது லட்சம் என்று ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமைக்குள் அது ஒரு கோடியைத் தாண்டிவிடும். எந்த நாளானாலும் சதுரங்கப் பலகைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே பதில்தான் வரும்.

"நடக்கவேயில்லை" என்பார் தீஹன் சவேலிச்.

ரோதியோன் லூகிச் முப்பத்தோரு வருஷம் மாஸ்கோ டி.வி.யில் செய்தி வாசித்தவர். சோவியத் நாடு கலைந்த பிறகு வேலை போனாலும் குரல் போகவில்லை. அவர் பால்கனியில் நின்று தொண்டையைச் செருமினால் ஐந்தாம் வாசல்வரைக்கும் ஆட்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள்.

தீஹன் சவேலிச் கபரோவ்ஸ்கிலிருந்து வந்தவர். மனைவியைப் புதைத்த கையோடு மகளிடம் வந்து சேர்ந்தார். ஏழு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த மனிதர், மூட்டையை இறக்குவதற்கு முன்பே, "அந்தச் செய்தி வாசிக்கிறவர் எந்த வாசல்?" என்று விசாரித்தார். புதிதாய் வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள் என்பதால் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் சதுரங்கம்.

"லூகிச், நான் அந்த ஊர்ல முப்பது வருஷம் டி.வி. ரிப்பேர் பண்ணவன். நான் முதுகைத் திறந்து பாக்காத பெட்டி அங்க கிடையாது. அப்படி ஒண்ணு நடந்திருந்தா ஏதாவது ஒரு பெட்டியாவது எங்கிட்ட சொல்லியிருக்கும்."

"உன் வீட்டுப் பெட்டி சொல்லலையா?"

"எங்க வீட்ல டி.வி.யே கிடையாது. வீட்டுக்காரிக்கு அந்தச் சத்தம் ஆகாது."

மெக்கானிக் வீட்டில் டி.வி. இல்லை என்பதைக் கேட்டு நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். தீஹன் சவேலிச் சிரிக்கவில்லை. மனைவி கடைசியாக உப்பில் ஊறப்போட்டு வைத்துவிட்டுப் போன வெள்ளரிக்காய் பாட்டிலைத் திறந்து, லூகிச் பக்கம் நகர்த்தினார்.

லூகிச் ஒரு துண்டைக் கடித்தார். "உப்பு கச்சிதமா இருக்கு" என்றார்.

தீஹன் சவேலிச் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் ரோதியோன் லூகிச்சுக்கு ஒரு வியாதி இருந்தது. தட்டச்சு செய்து, எடிட்டர் கையெழுத்துப் போட்டு, மேல்மாடித் தணிக்கை அறைக்காரர் முத்திரை குத்திய தாள் கையில் இல்லாவிட்டால் அவர் வாய் திறக்காது. தப்பித் தவறித் திறந்தால், டி.வி.தான் வெளியே வரும்.

அவர் மனைவி கிளாஃபிரா, செல்லமாகக் கிளாஷா, முட்டைக்கோஸ் சூப்பை வைத்துவிட்டு, "உப்பு போதுமா?" என்று கேட்பாள்.

"உப்பின் அளவு சென்ற வாரத்தைவிடப் பன்னிரண்டு சதவீதம் அதிகரித்துள்ளது."

முதல் வருஷம் அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒன்பதாவது வருஷம் அவள் உப்பைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

பிறகு அவளுடைய அம்மா இறந்துபோனாள். குழியைச் சுற்றி உறவுக்காரர்கள் நின்றார்கள். நாடறிந்த குரல், நாலு வார்த்தை சொல்லட்டும் என்று லூகிச்சை முன்னால் தள்ளினார்கள். அவர் கோட்டுப் பையில் கையை விட்டார். தாள் இல்லை. மறு பையிலும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பனி விழுகிற சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இத்துடன் நமது நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன."

 மறுநாள் கிளாஃபிரா பெட்டியைக் கட்டினாள். அக்கா வீடு கபரோவ்ஸ்கில். அதற்கு மேல் கிழக்கே போனால் கடலில்தான் விழ வேண்டும்.

சூப் சட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "உன் சொந்த வாயால ஒரே ஒரு வரி சொல்லு. அன்னைக்கே கிளம்பி வர்றேன். கிளாஷா."

ஒரு வரிதானே, சொல்லிவிடலாம் என்று நினைத்தார் லூகிச். ட்ரங்க் கால் பதிவு செய்து, அது கிடைப்பதற்கு மூன்று நாள் காத்திருந்தார். மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள் கிளாஷா.

"வணக்கம். மாஸ்கோவிலிருந்து பேசுகிறோம்."

அந்தப் பக்கம் அமைதி.  அமைதி வந்தால் சொல்ல லூகிச்சுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

சரி, தந்தி கொடுத்தால் குரல் குறுக்கே வராது என்று தபால் ஆபீசுக்குப் போனார். முக்கால் மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே சொல் எழுதினார்: "மன்னிக்கவும்."

இரண்டாம் நாள் பதில் வந்தது: "எந்த வரியில் தடுமாறினாய்?"

செய்தி வாசிக்கும்போது நாக்கு புரண்டால், "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு அந்த வரியைத் திரும்ப வாசிப்பது வழக்கம். அது அவளுக்கு மனப்பாடம்.

அப்போதுதான் லூகிச் வேறு வழியில் இறங்கினார். சொந்த வாய் திறக்காது. ஆனால் தாள் இருந்தால் திறக்குமே. ஆகவே சொந்த வார்த்தையைத் தாளில் எழுதிக்கொள்வது, போனில் அதைப் பார்த்து வாசித்துவிடுவது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினார்.

"கிளாஷா, நீ இல்லாம சூப் தொண்டைல எறங்கலை. அன்னைக்கு உங்க அம்மா குழியோரத்துல எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. வந்துடு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பல வருஷப் பழக்கம் விடவில்லை. காலையில் அதை எடிட்டர் ரிம்மா அர்க்காதியெவ்னாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"தப்பு ஏதாவது இருக்கான்னு மட்டும் பாருங்க. சொந்த விஷயம்."

ரிம்மா அர்க்காதியெவ்னா கண்ணாடியை மாட்டினார். அவர் கையில் சிவப்புப் பென்சில் இருக்கும்போது பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தால்கூட அதில் நாலு சொல்லை வெட்டிவிட்டுத்தான் தருவார்.

"சூப் எறங்கலைன்னு எழுதியிருக்கீங்க. எந்த ஊர்ல உணவுத் தட்டுப்பாடுன்னு கேப்பாங்க."

"தட்டுப்பாடு இல்லை, சூப் இருக்கு. எறங்கலை, அவ்வளவுதான்."

"அப்ப தரம் சரியில்லைன்னு ஆகுது. வெட்டிடறேன். 'வாய் அடைச்சுப் போச்சு.' யாரு அடைச்சா?"

"யாரும் அடைக்கலைங்க."

"நமக்குத் தெரியும், ரோதியோன் லூகிச். கேக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா? அப்புறம் 'வந்துடு'ன்னு மொட்டையா இருக்கு. எங்கேருந்து, எதுக்காக?"

அரை மணியில் தாள் சுத்தமாகத் தட்டச்சாகி வந்தது. கீழே ரிம்மா கைப்பழக்கமாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். ரிம்மா கையெழுத்தைக் கண்டால் மேல்மாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவார். குத்தினார். முத்திரை குத்திய தாள்கள் எங்கே போகுமோ, அந்தச் செய்திக் கட்டுக்குள் அதுவும் போய்ச் சேர்ந்தது.

கிழக்குக் கோடியில் இரவு எட்டரை ஆகும்போது மாஸ்கோவில் மதியம் ஒன்றரை. அதனால் மாலைச் செய்தியை மதியமே ஒரு தடவை அந்த ஊர்களுக்காக வாசித்துவிடுவார்கள். இரவில் மாஸ்கோவில் இருக்கும் நமக்காக இன்னொரு தடவை. அன்று மதியம் லூகிச் மேலே கோட்டும் டையும், மேசைக்கு அடியில் வீட்டுச் செருப்புமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். பால் உற்பத்தி முடிந்தது. புதிய பாலம் முடிந்தது. அடுத்த தாளைப் புரட்டினார்.

"தோழியர் கிளாஃபிரா இல்லாத காலத்தில் சில குறைபாடுகள் காணப்பட்டன. அக்குறைபாடுகள் முழுமையாக ஒப்புக்கொள்ளப்படுகின்றன. அவர் விரைவில் பணிக்குத் திரும்புவார் என்று நம்பிக்கை தெரிவிக்கப்படுகிறது."

இரண்டாவது வாக்கியத்தின் நடுவிலேயே லூகிச்சுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் முத்திரை குத்திய தாளைப் பாதியில் நிறுத்த அவருக்குத் தெரியாது. முற்றுப்புள்ளிவரை போய்விட்டார்.

போன பிறகுதான் அது நடந்தது. கண்ணெதிரே கேமரா. கேமராவுக்குப் பின்னால் எழுபது லட்சம் பேர். அதில் ஒருத்தி கிளாஷா. லூகிச் தாளைக் கீழே வைத்தார். வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, யாரும் எழுதிக் கொடுக்காத, யாரும் திருத்தாத ஒரு வரியைச் சொன்னார்.

"கிளாஷா, வந்துடு."

பிறகு வானிலை வாசித்தார்.

வெளியே வந்தபோது கையில் விலங்கு மாட்டுவார்கள் என்று இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தாராம். யாரும் மாட்டவில்லை. இயக்குநர் டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். ரிம்மா, "இன்னைக்கு நல்லா நிதானமா வாசிச்சீங்க" என்றார். அவர்கள் தாளைத்தான் பார்த்தார்கள். தாளில் முத்திரை இருந்தது. இரவு வாசிப்புக்கு முன்னால் லூகிச்சே அந்தத் தாளை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மாஸ்கோவில் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போயிற்று.

இரண்டாம் நாள் டி.வி. நிலையத்துக்கு ஒரு தந்தி வந்தது: "கிளாஃபிரா பணிக்குத் திரும்பிவிட்டார்."

லூகிச் மீதியைப் படிக்கவில்லை. கேக் வாங்கினார், பூ வாங்கினார், ரயில் நிலையத்துக்கு ஓடினார். ஏழு நாள் பயணத்தை அவள் இரண்டு நாளில் எப்படி முடிப்பாள் என்று யோசிக்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்று மீதியைப் படித்தார். தந்தி கொடுத்தது தூரக்கிழக்கில் ஒரு மீன் தொழிற்சாலை. அங்கே ஒரு கிளாஃபிரா நீண்ட லீவில் இருந்தாளாம். டி.வி.யில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பயந்துபோய் மறுநாள் காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டாள்.

ஏழாம் நாளும் போய் நின்றார். எட்டாம் நாளும். வேலை முடிந்ததும் கிழக்கத்திய ரயில் வரும் பிளாட்பாரத்துக்குப் போவதே ஒரு வழக்கமாகிவிட்டது. போர்ட்டர்கள் அவரிடம் ரயில் நேரம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் அதையும் நன்றாகத்தான் வாசித்தார். அடுத்த இலையுதிர் காலத்தில் விவாகரத்துத் தாள் தபாலில் வந்தது. அதில் முத்திரை இருந்ததால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இதுதான் லூகிச்சின் கதை. மீன் தொழிற்சாலைக் கட்டம் வரும்போதெல்லாம் நாங்கள் பெஞ்சைத் தட்டிச் சிரிப்போம்.

போன மாதம் தீஹன் சவேலிச், "ஒரே ஒரு சாட்சி கொண்டு வா லூகிச், ஒத்துக்கிறேன்" என்றார். லூகிச் ரோஷத்தோடு மாடிக்குப் போய் ரிம்மா அர்க்காதியெவ்னாவுக்குப் போன் செய்தார். ரிம்மாவுக்கு எண்பத்தொரு வயது. பென்சில் போய்விட்டாலும் வெட்டுவது போகவில்லை.

கால் மணியில் லூகிச் இறங்கி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். காயை நகர்த்தவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றார் தீஹன்.

"என் கையெழுத்து இல்லாத ஒரு வரியை நீங்க வாழ்க்கையில சொன்னதே இல்லைன்னாங்க."

நாங்கள் சிரிக்கத் தயாரானோம். லூகிச் எங்களைப் பார்க்கவில்லை.

"அவங்க சொல்றது சரிதான், தீஹன். நீ சொல்றதும் சரிதான். நடந்திருக்காது. தாள் என்னமோ இருந்தது, அதை வாசிச்சேன். கடைசி வரி மட்டும் நானா பின்னாடி சேத்துக்கிட்டது போல."

அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. பக்கத்தில் குனிந்தால்தான் காதில் விழுந்தது.

"ஏன்னா, நடந்திருந்தா அவ வந்திருப்பா. ஒரு வரி சொன்னா வர்றேன்னு எழுதி வச்சவ. வாக்கு தவற ஆள் இல்லை கிளாஷா. வரலை. அப்ப நான் சொல்லலை. அவ்வளவுதான்."

அவர் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தார். வெள்ளரிக்காய் பாட்டிலின் அடியில் ஒரே ஒரு துண்டு கிடந்தது. தீஹன் சவேலிச் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டிலோடு லூகிச் கையில் கொடுத்தார்.

"நீயே சாப்பிடு, அவ கை வெள்ளரிக்காய்ல இதுதான் கடைசி" என்றார். "நடந்தது, லூகிச். வரியைச் சொல்லிட்டு நீ புறங்கையால மூக்கைத் துடைச்சே, அதை நீ எங்ககிட்ட சொன்னதே இல்லை. நல்லாயிருந்த டி.வி.யை அவ அக்கா வீட்ல நாலு நாளா சத்தத்தைக் குறைச்சு வச்சு நான் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தேன், 'படம் வந்துச்சா?'ன்னு அடுப்படிலேருந்து கிளாஷா கேட்டா, 'வரலை, ட்யூப் போயிடுச்சு'ன்னு சொல்லி ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்."