கெஹிண்டேக்கும் சேர்த்து வாங்கிய மடிக்கணினி

அன்புத் தம்பி போலஹானுக்கு, இபாடானிலிருந்து அண்ணன் அடிகுன் எழுதுவது. உன் உழைப்புக்கு வாழ்த்து. ஜோஸ் ஊர்க் குளிருக்கு வாழ்த்து. அதையும் உன்னையும் சேர்த்துத் தாங்கும் உன் மனைவிக்குத் தனி வாழ்த்து.

"அண்ணே, படிக்கவும் விளையாடவும் ரெண்டுக்கும் தோதா ஒரு லேப்டாப் கிடைக்குமா?" என்று அக்காவின் இரட்டையர் டைவோ, கெஹிண்டேயின் போன பிறந்தநாளில் நீ கேட்டாய். ஆசிரியனாக இருந்தவன் அல்லவா, உதாரணம் சொன்னேன்: "ஒரே கத்தியால கிழங்கும் வெட்டலாம், முகமும் மழிக்கலாம். ஆனா முகத்தை முதல்ல மழிச்சிடணும்." கெஹிண்டேதான் அதிகம் சிரித்தான். முழுப் பதிலையும் இப்போதுதான் எழுதுகிறேன்.

உன் அக்கா அபேகே ஊருக்கு இன்றும் 'இரட்டைப்பிள்ளை அம்மா'தான். காய்ச்சல் கெஹிண்டேயைக் கொண்டுபோன பிறகும் சட்டை, செருப்பு, அவித்த முட்டை எல்லாம் இரண்டாகவே வருகின்றன. இருக்கிற பிள்ளைக்கு மட்டும் வாங்கினால் போன பிள்ளை மனம் நொந்து அவனையும் கூப்பிட்டுக்கொள்வான் என்று நம்மவர்கள் சொல்வதை அவள் அப்படியே நம்புகிறாள். டைவோவுக்குப் பரீட்சை வருகிறது, மடிக்கணினி வேண்டும். இரண்டு வாங்க வழியில்லை. ஆகவே ஒன்றே, இருவருக்கும்: டைவோவுக்குப் படிப்பு, கெஹிண்டேக்குப் பந்தாட்டம். "படிப்புக்கு மட்டும் போதும்மா" என்றேன். "அப்ப ஒரு பிள்ளைக்குத்தான் வாங்கினதா ஆகும் அண்ணே" என்றாள். வாழ்நாளெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், குடையை எடுத்துக்கொண்டு அவளுக்கும் டைவோவுக்கும் பின்னால் கடைக்குப் போனேன்.

கடைக்காரன் ஒன்றைத் தட்டிக் காட்டி, "பாபா, இது லண்டன்ல உழைச்ச சரக்கு. தொட்டுப் பாருங்க, அந்த ஊர்க் குளிரே இன்னும் போகல" என்றான். பந்தாட்டத்தைப் போட்டுக் காட்டிய சற்று நேரத்தில் அதன்மேல் முட்டை பொரிக்கலாம் போலச் சுட்டது. "ஆட்டம்னா சூடாகத்தான் செய்யும். ஆடுறது இந்தத் தம்பியா?" என்றான் கடைக்காரன்.

"இல்ல, இவன்கூடப் பிறந்தவன்" என்றாள் அபேகே.

"அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா. விரல் நீளம் பாத்துத்தான் நான் கையில பிடிச்சு ஆடுற கன்ட்ரோலர் குடுப்பேன்."

அபேகே கைப்பையைத் திறந்தாள், மூடினாள். டைவோதான் கையை நீட்டினான். "எங்க ரெண்டு பேர் விரலும் ஒண்ணுதாங்க."

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் தொல்லை, சார்ஜர் செங்கல் கனம், காலில் விழுந்து எனக்கு நகம் போச்சு, உள்ளே இருக்கிற விசிறி போடும் ஊளையில் பக்கத்து வீட்டு அம்மா "மாமா, மாவு மில்லு வச்சிட்டீங்களா, எப்ப அரைக்கக் கொண்டு வரலாம்?"னு கேக்குறா, கரண்டு போனா ஜெனரேட்டர் முதல்ல அதுக்குத்தான், பிரிட்ஜுக்கு இல்ல, ஒரு பானை சூப்பு புளிச்சுப்போச்சு. இதெல்லாம் போகட்டும் தம்பி. பந்தாட்டத்தையே பிடிக்காத டைவோ தினமும் சாயங்காலம் கெஹிண்டேயின் பங்குக்கு உட்கார்ந்து ஆடுறான். மார்க்கு சரிஞ்சுகிட்டே போகுது. ஒரு பையன், ரெண்டு பிள்ளையோட வாழ்க்கையைச் சுமக்குறான்.

எனவே முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை இதைக் கடையில் கொடுத்து, ஆட்டம் எதுவும் ஓடாத சாதுவான ஒன்றை வாங்கி வருவேன். அக்காவிடம் நீ பக்குவமாகச் சொல்லிவிடு. உங்கள் வீட்டில் வாசலும் அடுப்பும் ஓயாதிருக்கட்டும். உன் பிள்ளைகள் உன்னைவிட நீண்டு வாழட்டும்.

அண்ணன்,
அடிகுன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் அக்காவிடம் சொல்லாதே. உறையை ஒட்டும் முன் டைவோவின் அறைக்குப் போனேன். ஒரு கன்ட்ரோலர் அவன் கையில், இன்னொன்று பக்கத்தில் கெஹிண்டேயின் காலி நாற்காலியில். எதிரணி அசையாமல் நிற்கிறது. இவன் பந்தை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து தன் கோலுக்குள்ளேயே அடிக்கிறான். "என்னடா இது?" என்றேன். "அவனுக்குத் தோக்கப் பிடிக்காது மாமா" என்றான். அடுக்களையிலிருந்து அபேகே கேட்டாள்: "யாருடா ஜெயிக்கிறா?" "கெஹிண்டேதாம்மா." உள்ளே அவள் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

கணினி இங்கேயே இருக்கட்டும். நீ ஒன்று செய்து பார்: கடிதம் கிடைத்ததும் போன் போட்டு, டைவோவை மட்டும் கூப்பிட்டு, அவனுக்கு என்ன வேண்டும் என்று கேள்.