வளைந்த பாலத்துக்கு நாற்பத்தொரு காரணம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனி அபிப்பிராயத்தில் இருக்கிறது. தங்கள் சுகத்தையும், அத்தானின் ரத்த அழுத்தத்தையும், பேத்திக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

நிற்க. நம்ம 'இன்னொரு சங்கதி' காலமாகி மூன்று மாதம் ஆகிவிட்டது. செய்தி சொன்னபோது போனில் நீ அழுதாய். கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒரு மனுஷனுக்காக ஊரே கடையடைத்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அவர் கடையில் கொடுத்த கடிகாரம் ஒரு மாசத்துக்குள் திரும்பி வந்ததாக சரித்திரமே இல்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், "கடிகாரம் ஓட ஆரம்பிச்சா நீங்களும் ஓடிடுவீங்களே, அப்புறம் ஊர்க்கதையை யார் கேட்பா?" என்பார். எந்தத் தெருவுக்கு எப்படிப் பெயர் வந்தது, எந்தக் கிணறு எந்தக் கோபத்தில் தோண்டியது, எல்லாம் சொல்லி முடித்து, நாம் செருப்பு மாட்டும் நேரத்தில் "இன்னொரு சங்கதி..." என்பார். செருப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

அவருக்கு நினைவுக்கூட்டம் நடத்தி, நம்ம ஆத்துப் பாலத்தில் ஒரு கல் பதித்து, அது ஏன் நடுவில் வளைந்திருக்கிறது என்று அவர் சொன்ன கதையை அதில் வெட்டலாம் என்று ஊர் தீர்மானித்தது. பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிறப்பு இறப்பு எழுதியவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். அங்கே பிடித்தது சனியன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நூலகத்து மாடி ஹால். முதலில் பேசின முடிவெட்டுகிறவர், "அந்தக் காலத்துல என் கொள்ளுத்தாத்தா கடை ஆத்தோரம் இருந்துச்சு, அதை இடிக்க மனசு வராமத்தான் பாலத்தை வளைச்சாங்கன்னு அண்ணன் சொல்லுவார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்கவில்லை, ரொட்டிக்கடை அம்மா எழுந்து, "என்னது, உங்க கடையா? எங்க கொள்ளுப்பாட்டி அடுப்பு வாசனைக்குப் பாலம் கட்டின ஆளுங்க அந்தப் பக்கமாவே இழுத்துக் கட்டிட்டாங்கன்னு என்கிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னார்" என்றார். மருந்துக்கடைக்காரர் தன் முப்பாட்டன் வைத்தியத்தைக் கொண்டுவந்தார். டிரைவிங் பள்ளிக்காரர் ஒரு குதிரை வண்டியைக் கொண்டுவந்தார். நான் எழுத எழுத நாற்பத்தொரு காரணம் சேர்ந்தது அக்கா, நாற்பத்தொண்ணு! மைக்கை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததுல மைக் ஒரு பக்கமும் ஒயர் ஒரு பக்கமும் வந்துடுச்சு, முடிவெட்டுறவர் ஏறி நின்ன நாற்காலி உக்காந்துடுச்சு, "உன் பாட்டன் பொய்யன்", "உன் பாட்டி மட்டும்?"னு செத்துப்போனவங்களை எல்லாம் எழுப்பிக் கொண்டுவந்து சண்டைக்கு விட்டாங்க. எனக்கு வந்தது பாரு கோபம், மேசையைத் தட்டி, "ஒரே ஆளு, ஒரே பாலம், இத்தனை பொய்யா? இவருக்கா நாம கல்லு வைக்கணும்?"னு கத்திட்டேன்.

அப்பத்தான் முன்வரிசையில அவரோட வீட்டம்மா உக்காந்திருக்கறதைப் பார்த்தேன். தட்டின கையை மேசைக்கு அடியில ஒளிச்சுக்கிட்டேன்.

அவங்க மெதுவா எழுந்தாங்க. "இருபது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பாலத்தை இடிக்கறதா நோட்டீஸ் ஒட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? அவர் பழைய காகிதத்தை எல்லாம் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தார். இது நம்ம ஊரோட சொத்துன்னார். நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க? பார்க்கலாம்னீங்க. வேலை இருக்குன்னீங்க. ஒருத்தர் கதவே திறக்கலை. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடலை. மறுநாள்லேர்ந்துதான் ஒவ்வொருத்தர் பாட்டனையும் பாலத்துல ஏத்திவிட ஆரம்பிச்சார். இடிக்க மெஷின் வந்த அன்னைக்குப் பாலத்துல நிக்க இடமில்லை."

வாஸ்தவம். நானும் நின்னேன் அக்கா. வெயில்ல நாலு மணி நேரம். எதுக்குத் தெரியுமா? பாலத்துக்கு அளவுக்கயிறு பிடிச்சவர் நம்ம கொள்ளுத்தாத்தான்னு என்கிட்ட சொல்லியிருந்தார். அந்தக் கதவைத் திறக்காத ஆளும் நான்தான். இதை ஹால்ல சொல்லலை, உன்கிட்டதான் சொல்றேன். ரொட்டிக்கடை அம்மா முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் முடிவெட்டுறவர், அப்புறம் மாடியே ஆடுற மாதிரி எல்லாரும். சிரிப்போட சிரிப்பா நான் மூக்கைச் சிந்தினதை யாரும் கவனிக்கலை.

கடைசியில அந்தம்மா பையிலேர்ந்து அவர் கையெழுத்துல ஒரு நோட்டை எடுத்துக் குடுத்தாங்க. 'ரெண்டு மேஸ்திரிகள் ரெண்டு கரையிலேர்ந்து கட்டி வந்தார்கள். அளவு தப்பி நடுவில் ஒன்பது அடி விலகிவிட்டது. வளைத்துச் சேர்த்தார்கள்'ன்னு தெளிவா எழுதியிருந்தது. எல்லாரும் கை தூக்கி ஒப்புக்கிட்டாங்க. புதன்கிழமை அதையே கல்லில் வெட்டிப் பதித்தாகிவிட்டது. ஊருக்கு ஒரே ஒரு உண்மை கிடைத்துவிட்டது, அக்கா. பதிவேடு எழுதியே கிழவனானவனுக்கு இதைவிட நிம்மதி வேறென்ன வேண்டும்?

அத்தானுக்கு என் வணக்கம். பேத்திக்கு, பல்லுக்கு ஒரு முத்தம் வீதம் எண்ணிக் கொடுக்கவும். உங்கள் எல்லோருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன். கல் நன்றாக வந்திருக்கிறதாம். "ஆனா தம்பி, அந்த நோட்டுல இருக்கறது அப்ப இடிக்க நோட்டீஸ் ஒட்டின ஆபீசுக்குப் புதுசா வந்த இன்ஜினீயருக்காக எழுதினது. அளவுல தப்புன்னு சொன்னாத்தான் அவர் நம்புவார்னு. நீங்க அடிச்சுக்கக் கூடாதேன்னு கையில கிடைச்சதை எடுத்துக் குடுத்தேன்" என்றார்கள். "அப்ப நிஜமா ஏன்தாம்மா வளைஞ்சிருக்கு?" என்று கேட்டேன். "அதைக் கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பாலத்துலயே வச்சு அவர் எனக்குச் சொன்னார். அதெல்லாம் உங்ககிட்ட சொல்ற சமாச்சாரம் இல்லை" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள்.