ராசா இறங்கிப் போன நாடகம்

கலைத் தாகத்தால் நாடகக் குழு தொடங்கினோம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் குழு தொடங்கியது எனக்குக் கலியாணம் ஆகவேண்டும் என்பதற்காக.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. "வீடு துடைக்கிறவனுக்கு என்ரை தங்கச்சியைக் குடுக்கேலாது" என்று, நான் விரும்பிய சுமதியின் அண்ணர் சொல்லிவிட்டார். (அவரும் வீடுதான் துடைத்தார். வேறு வீடு.) ஒருநாள் என்னை ராசாவாகப் பார்த்தால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். அப்போது எனக்கிருந்த மூளை அவ்வளவுதான்.

துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு பாதிரியார் மண்டபம் தந்தார். எங்கள் எல்லோருக்கும் வியாழன் பின்னேரம்தான் ஓய்வு, ஒத்திகையும் அப்போதுதான். நாடகம் எழுதியவன் நான், ராசாவும் நானே. கூட வேலை செய்த மகேந்திரன் மந்திரி.

அரங்கேற்றத்தன்று நல்ல மழை. முன்வரிசையில் அண்ணர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் சிங்காசனத்தில் (பாதிரியாரின் கதிரைதான்) சாய்ந்து, துரோகி மந்திரியின் தலையை வெட்டச்சொல்லிக் கர்ச்சித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா, அதாவது எசமானியம்மா, நனைந்த குடையோடு நின்றார். பெருமைக்கு அழைத்தவன் நான்தான். வருவார் என்று யார் கண்டது?

பிறகு நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. கிரீடத்தோடு மேடையிலிருந்து குதித்தோடி, குடையை வாங்கி, வெளியே உதறி, மூலையில் சாத்தினேன். மண்டபத்தில் கதிரை மிச்சமில்லை. சிங்காசனத்தைத் தூக்கிவந்து அவரை இருத்தினேன்.

வெட்டுப்பட முழந்தாளில் இருந்த மகேந்திரன், "அரசே, நான் சாகிறதோ, நிக்கிறதோ?" என்று கேட்டான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துறைமுகம் பக்கத்தில்தான், என் மானம் கப்பலேற அதிக நேரம் எடுக்கவில்லை. கலியாணமும் அதே கப்பலில் போயிற்று என்றுதான் நினைத்தேன், அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணரைப் பார்த்தேன். சின்யோரா உள்ளே வந்ததும் எழும்பியவர், இன்னும் கதிரையில் இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் பாதிச் சபையும் நின்றது.

நாடகம் முடிந்ததும் (மந்திரி பிழைத்துக்கொண்டான்) அவர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"உம்மைப் பேச எனக்கு வாயில்லை. நானும் எழும்பிட்டன் எல்லே?" என்றார். பிறகு, "வாற ஞாயிறு வீட்டை வாரும்."

அடுத்த நாடகத்தில் ராசா இல்லை. ஒரு சின்யோராவின் சமையலறைதான். எழும்பி நின்றவர்களில் பலர் நடிக்கச் சேர்ந்தார்கள். சின்யோராவாக நடித்தவர் அண்ணர். அந்த மனிதருக்குள் அவ்வளவு திமிர் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

இன்றும் வீட்டு மணி அடித்தால் சுமதி அசைய மாட்டாள். "ராசா, ஆரெண்டு பாருங்கோ" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் போய்க் கதவைத் திறப்பேன்.