நகராமல் நிற்க மறுத்த தலைப்பு

"போச்சு! தலைப்பு மறுபடியும் ஓடிப்போச்சு!"

பெரியண்ணன் போட்ட சத்தத்தில் மகள் ஓடி வந்தாள்.

மறுநாள் குடும்ப விருந்து. உறவினர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். யார் யாருக்கு அருகில் உட்காரலாம், யாரைத் தூரத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று அவர் கணினியில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். விருந்தில் ஒரு குரல் உயர்ந்தாலும் குடும்ப மானம் கப்பலேறிவிடும். அவரே தம்பியோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. காரணம், அன்று எடுத்த குடும்பப் படத்தில் தம்பி அவர் தலையை விட்டுவிட்டுக் கழுத்து வரைக்கும்தான் எடுத்திருந்தான்.

யாருக்கு யார் ஆகாது என்று பெயர் போட்டு எழுதுவது கௌரவக் குறைவு. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண். 'அருகில்' என்ற தலைப்பின் கீழ் சில எண்கள், 'தூரத்தில்' என்பதன் கீழ் சில எண்கள். கீழே உருட்டினால் தலைப்பு மறைந்துவிடும். எந்த எண் அருகில், எந்த எண் தூரத்தில் என்று தெரியாது.

"மேல் வரிசையை நிறுத்தி வெச்சிருக்கேன்ப்பா. இனி நகராது. நேத்தும் இதைத்தானே பண்ணேன்?"

"அப்புறம் யார் அவிழ்த்து விட்டது? பேயா?"

"என்னைப் பார்க்காதீங்க. நான் அந்த மவுஸைத் தொட்டதுகூட இல்லை" என்றாள், மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

முகம் கழுவிவிட்டு வந்தார். தலைப்பைக் காணோம்.

மகள் மண்டபச் சாவி வாங்கப் போயிருந்தாள். பத்து வரிக்கு ஒருமுறை தலைப்பைத் தாமே தட்டச்சு செய்தார். பிறகு அழகுக்காக அகரவரிசைப் பொத்தானை அழுத்தினார். பூக்கடைச் சித்தப்பாவுக்கும் பெரிய அத்தைக்கும் நடுவே 'பெயர்' என்ற பெயரில் பதினோரு பேர் வந்து நின்றார்கள்.

திரும்பி வந்த மகள் கேட்டாள்: "யாருப்பா இவங்க? இவங்களுக்கும் நாற்காலி போடணுமா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு பேரையும், உச்சியிலிருந்த பழைய தலைப்பையும் சேர்த்து அழித்தார். மூன்று துண்டுத் தாளில் எண், அருகில், தூரத்தில் என்று எழுதி, திரையின் மேல் விளிம்பில் டேப் போட்டு ஒட்டினார்.

"இப்ப ஓடட்டும் பார்ப்போம்!"

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். தலைப்பு நின்றது! பாரபட்சம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதென்று பெயர்களை மறைத்துவிட்டு, எண்ணைப் பார்த்தே நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளையும் ஒதுக்கி முடித்தார்.

மறுநாள் மண்டபத்தில் நுழைந்து பார்த்தார். ஏழு வருடமாகப் பேசாத லாரி மாமாவும் பூக்கடைச் சித்தப்பாவும் தோளோடு தோள். எங்கு பார்த்தாலும் எதிரிகள் ஜோடி ஜோடியாக. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தம்பி!

தம்பி எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே... நீங்களாவே எனக்குப் பக்கத்துல இடம் போட்டீங்களே!"

தவறு நடந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? முதுகை நிமிர்த்தினார்.

"பின்னே? பெரியவன் நான்தானே முதல்ல செய்யணும்? உட்காருடா."

மண்டபமே கலகலத்தது. லாரி மாமா சித்தப்பாவின் முதுகில் அறைந்து சிரித்தார். தம்பி எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தான். இம்முறை அண்ணனின் தலை முழுதாக இருந்தது.

பெரியண்ணன் மனைவியின் காதருகே குனிந்தார். "தாளை இடம் மாத்தி ஒட்டிட்டேன் போல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நீங்க சரியாத்தான் ஒட்டினீங்க. கம்ப்யூட்டர்ல தலைப்பை அவிழ்க்க ஒரு தட்டுதான். உங்க டேப்பைப் பிரிக்கத்தான் எனக்கு ரெண்டு நகம் போச்சு!"