வழிமொழிய ஆள் தேவை

"சின்னதுரை, நம்ம தாலுக்காவுல இப்ப என்ன பஞ்சம்னு தெரியுமா?"

"மழைப் பஞ்சந்தாங்க சார். அப்புறம் மண்ணெண்ணெய்."

"அதெல்லாம் சில்லறைப் பஞ்சம்யா. தலைவர் பஞ்சம்! சுதந்திரம் வந்து ஒம்போது மாசம் முடியப் போவுது. இந்நேரம் தலைவருங்க பொறந்திருக்க வேணாமா?"

"ஒம்போது மாசம்னா கணக்குச் சரிதாங்க சார்."

இந்தச் சரித்திரப் புகழ் பெற்ற உரையாடல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷம் மே மாதம், குரும்பலூரில் சின்னதுரையின் வீட்டு வாசலில் நடந்தது. பேசியவர் இளையபெருமாள் சார். பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கேட்டவர் வீட்டுக்காரர். உள்ளே நிலைப்படிக்குப் பின்னால் நின்று வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டது சின்னதுரையின் மகள் கமலவேணி. வயது பதினைந்து. அன்றைக்குச் சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பின்னாளில் எப்போது நினைத்தாலும் அவளுக்கு அந்தச் சிரிப்பு வரும். கூடவே கொஞ்சம் கோபமும்.

நாட்டுக்குத் தலைவர்களைத் தயாரித்துக் கொடுக்கும் அந்தப் புனித காரியத்துக்கு, அரியலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மாந்தோப்பில் "கோடைகாலத் தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்" நடத்த ஏற்பாடாகியிருந்தது. இருபத்தொரு நாள். பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர்கள் மட்டும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இளையபெருமாள் சாருடையது. அவர் ஒரே விதி வைத்திருந்தார்: அந்த வருஷப் பரீட்சையில் தவறியிருக்க வேண்டும்.

"தேறுனவனையெல்லாம் தலைவராக்கிட்டா குமாஸ்தாவுக்கு எங்க போறது?" என்றார். இதை மறுத்துப் பேச இன்றுவரை யாராலும் முடிந்ததில்லை.

சின்னதுரையின் மகன் செல்லமுத்துவுக்கு இந்தத் தகுதி மும்மடங்காக இருந்தது. மூன்றாம் பாரத்தில், இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பில், மூன்றாவது முறையாகத் தவறியிருந்தான். இரண்டாவது முறை அவன் தவறியபோது, அதே வகுப்பில் அவனுக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் தங்கை கமலவேணி. அவள் தேறிவிட்டாள். அது மிகவும் சிக்கலான தேர்ச்சி. தங்கை நாலாம் பாரத்திலும் அண்ணன் மூன்றாம் பாரத்திலும் இருந்தால், குடும்ப மானம் எந்த பாரத்தில் போய் உட்காரும்? சின்னதுரை ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. "பெரம்பலூர் ரோட்டு வெயில்ல நடந்தா பொட்டப்புள்ளைக்குக் கண்ணு கெட்டுப்போயிரும்" என்று சொல்லி, மகளின் படிப்பை நிறுத்திவிட்டார். அதே ரோட்டில் செல்லமுத்து நடந்தான். ஆண்பிள்ளைக் கண் போலிருக்கிறது, கெடவில்லை.

அதிலிருந்து ஒரு வருஷமாக, கமலவேணியின் நாக்கு நுனியில் ஒரு வேண்டுகோள் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும்போது சொல்லிப் பார்ப்பாள். சோளம் புடைக்கும்போது சொல்லிப் பார்ப்பாள். முறத்துக்கும் கிணற்றுக்கும் அது மனப்பாடம். அப்பாவின் முன்னால் போய், "அப்பா..." என்று தொடங்குவாள். அவர் நிமிர்ந்து, "என்ன தாயி?" என்று அவ்வளவு பிரியமாகக் கேட்பார். அவ்வளவுதான், "மோர் கொண்டாரட்டுமாப்பா?" என்று வந்துவிடும். அந்த வருஷம் சின்னதுரை குடித்த மோர் கொஞ்சநஞ்சமல்ல.

முகாமின் பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போவது தேசத் துரோகம். காலையில் "தொலைநோக்கு". மாணவர்கள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, வலக்கையை நீட்டி, தூரத்தில் உள்ள ரயில் சிக்னலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சிக்னலின் கை இறங்கினால் ரயில் வருகிறது என்று அர்த்தம். அன்றைய தொலைநோக்கு முடிந்தது. பிறகு தொண்டையைக் கனைத்தல். பிறகு பூமாலைக்குக் கழுத்தைத் தாழ்த்துதல், அதிகமும் கூடாது, குறைவும் கூடாது. மத்தியானம் கூட்டத்துக்கு அரைமணி நேரம் தாமதமாக வருவதற்குப் பயிற்சி. இதில் எல்லா மாணவர்களும் முதல் நாளே சிறந்து விளங்கினார்கள். சாயங்காலம் தீர்மானம் முன்மொழிதல். வழிமொழிதல் இருபத்திரண்டாம் நாள் பாடம். முகாம் இருபத்தொரு நாள்தான் நடந்தது.

முகாமிலிருந்து செல்லமுத்து ஒரு கார்டு போட்டான். "அன்பார்ந்த தாய்மார்களே!" என்று தொடங்கியிருந்தது. கமலவேணி படித்துக்காட்டினாள். அம்மா வீராயிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அவனுக்கு எத்தன தாய்மாருடி? இந்தாங்க, அரியலூர்ல என்ன நடக்குதுன்னு போய்ப் பாத்துட்டு வாங்க."

"ஏ, அது மருவாதடி. தலைவருங்க தனியா ஒருத்தர்கிட்ட பேசவே மாட்டாங்க" என்றார் சின்னதுரை. அவர் கண்ணில் நீர் துளிர்த்திருந்தது.

மே மாதக் கடைசியில் குரும்பலூரின் தலைவர்கள் ஏழு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இறங்கினார்கள் என்று சொல்வது சரியல்ல. படியில் நின்று கழுத்தைத் தாழ்த்தினார்கள்.

"எறங்குங்க தம்பி, மால அப்புறமா போடுவாங்க. வண்டி துறையூர் போவணும்" என்று கண்டக்டர் முதுகில் கைவைத்துத் தள்ளினார். பொதுவாழ்வில் இதெல்லாம் சகஜம்.

மறுநாளே ஊரில் மாறுதல் தெரிந்தது. செல்லமுத்துவின் வீட்டுக் கத்தரித் தோட்டத்தில் ஆடு புகுந்தது. முன்பென்றால் அவன் கல்லெடுத்து எறிந்திருப்பான். இப்போது இடக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சகோதரியே! சிந்தித்துப் பார்!" என்று தொடங்கினான். ஆடு சிந்தித்துக்கொண்டே மூன்று பாத்திக் கத்தரியைத் தின்றது. கமலவேணி ஓடிவந்து விரட்டினாள். "சமரசப் பேச்சுக்குப் பின் ஆடு வெளியேறியது" என்று செல்லமுத்து நோட்டில் எழுதிக்கொண்டான்.

அடுத்த வாரம் பொதுக்கிணற்றுக் கயிறு அறுந்தது. ஏழு தலைவர்களும் கூடி, "கயிறு ஆய்வுக் குழு" அமைத்தார்கள். கயிறு ஏன் அறுந்தது, அறுவதற்கு முன் அதன் மனநிலை என்ன என்று நாலு நாள் விவாதித்தார்கள். அங்கேதான் ஒரு பயங்கரமான குறை வெளிப்பட்டது. தலைவர் ஏழு பேர். முன்மொழிவதற்கு ஏழு பேர். வழிமொழிவதற்கு ஒரு நாதியில்லை.

"மாயவா, நீ வழிமொழி" என்றான் செல்லமுத்து.

பக்கத்து வீட்டு மாயவனும் தலைவன்தானே? அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏன், நீ வழிமொழியேன்! நானும்தான் இருவத்தொரு நாள் சிக்னலப் பாத்தேன்."

"ஆரும் வழிமொழியலன்னா தீர்மானம் வுழுந்துரும்டா."

"வுழுவட்டும். நான் வுழ மாட்டேன்."

மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் போல, தொண்டர்களுக்கும் ரேஷன் கார்டு கொடுத்து, தலைவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அளந்து போட்டால் ஒழிய நாடு உருப்படாது என்ற நிலை. அப்போது கமலவேணி குடத்தோடு வந்தாள். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டாள். தண்ணீர் இறைத்தாள். ஏழு பேரும் அவளையே பார்த்தார்கள். நாலு நாளாகக் குளிக்காதவர்களின் பார்வை அது.

"கமலா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ" என்றான் அண்ணன்.

"என்ன வார்த்தண்ணே?"

"'வழிமொழிகிறேன்'னு சொல்லு."

சொன்னாள். கயிறு முடிச்சுப் போடப்பட வேண்டும் என்ற தீர்மானம், முடிச்சுப் போட்டுத் தண்ணீர் இறைத்த பிறகு, ஏகமனதாக நிறைவேறியது.

அதிலிருந்து அவளுக்கு ஏற்பட்ட கிராக்கியைச் சொல்லி மாளாது. காலையில் மாயவனின் "தெருவிளக்குக் குழு". பகலில் அண்ணனின் "வீட்டு நிர்வாகச் சபை". சாயங்காலம் இன்னொரு தலைவரின் "நாய்கள் சீர்திருத்தச் சங்கம்". எங்கே போனாலும் கடைசியில் நிற்பாள். ஒரே வார்த்தை சொல்வாள். அடுப்பு பற்றவைக்க ஓடுவாள்.

"ஏ புள்ள, பகல் பூரா எங்க போயிட்டு வர?" என்று வீராயி கேட்டாள்.

"வழிமொழிஞ்சுட்டு வரேம்மா."

"அதுக்குக் கூலி உண்டா?"

"கைதட்டுவாங்கம்மா."

"உனக்கா?"

"இல்ல, முன்மொழிஞ்சவங்களுக்கு."

செல்லமுத்துவுக்கு முகாமில் ஒரு கைச்சுவடி கொடுத்திருந்தார்கள். தலைவர்கள் படிக்க மாட்டார்கள்; மேற்கோள் மட்டும் காட்டுவார்கள். எனவே தங்கையைப் படித்துச் சொல்லச் சொன்னான். அட்டையிலிருந்து அட்டைவரை படித்தவள் அவள் ஒருத்திதான். அதில் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: "யாரும் வழிமொழியாத தீர்மானத்தை நிறைவேறியதாக எழுதக் கூடாது. வழிமொழிய வந்தவர் மறுத்தால், அவர் தம் காரணத்தைச் சபையில் சொல்ல உரிமை உண்டு."

இதை மட்டும் அண்ணனுக்கு அவள் படித்துச் சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியாது. அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தாள்.

ஜூன் மாதம் பாதி தாண்டியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, முகாமினால் நாட்டுக்கு விளைந்த பலனை நேரில் அளக்க, திருச்சியிலிருந்து ஓர் அதிகாரி இளையபெருமாள் சாருடன் குரும்பலூருக்கு வந்தார். பஜனை மடத்தில் கூட்டம். முன்வரிசையில் ஏழு தலைவர்கள். பின்னால் பெற்றோர்கள். அதற்கும் பின்னால், கதவோரம், பெண்கள். பெண்களுக்கும் பின்னால் தூணோரமாகக் கமலவேணி.

அதிகாரி சின்னதுரையை எழுப்பிக் கேட்டார். "முகாமுக்குப் போயிட்டு வந்த பிறகு உங்க பையனிடம் என்ன மாற்றம் தெரிகிறது?"

"நல்ல மாத்தங்க. முன்னாடியெல்லாம் ஒரு வேல சொன்னா செய்ய மாட்டான். இப்ப ஏன் செய்யலங்கறத அரமணி நேரம் சொல்றானுங்க."

"தன் கருத்தைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றல் வளர்ந்துள்ளது" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். சின்னதுரை பெருமையோடு உட்கார்ந்தார். இளையபெருமாள் சார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு செல்லமுத்து எழுந்தான். தொண்டையைக் கனைத்தான். மடத்துச் சுவரில் சிக்னல் இல்லாததால் ஒரு பல்லியைத் தொலைநோக்கிப் பார்த்தபடி, நன்றித் தீர்மானத்தைப் படித்தான்:

"இம்முகாமின் பலனாக இவ்வூர் இளைய தலைமுறை முழுவதும் முன்னணிக்கு வந்துவிட்டது என்றும், இனி இவ்வூரில் பின்னால் நிற்பவர் எவரும் இல்லை என்றும் இச்சபை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது!"

கைதட்டல் மடத்தைத் தூக்கியது. "வழிமொழிபவர்?" என்றார் அதிகாரி, பேனாவைத் தீர்மானப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு.

ஏழு தலைகளும் திரும்பின. பெற்றோர் தலைகள் திரும்பின. பெண்கள் தலைகள் திரும்பின. பின்னால் நிற்பவர் எவரும் இல்லாத அந்த ஊரில், எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் கமலவேணி.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சொல்லு கமலா" என்றான் செல்லமுத்து.

"தொண்ட கட்டிக்கிச்சா உந்தங்கச்சிக்கு?" என்று மாயவன் கிசுகிசுத்தான். "நேத்து நாய் சங்கத்துல நல்லாத்தான சொன்னா?"

"தாயி, சட்டுனு சொல்லிடு தாயி. சார் அஞ்சு மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்றார் சின்னதுரை.

"வழிமொழிய மாட்டேன்" என்றாள் கமலவேணி.

மடத்தில் பல்லி சொன்னது கேட்டது. இளையபெருமாள் சார் கைச்சுவடியை அவசரமாகப் புரட்டினார். "அப்படி ஒரு வார்த்தையே இதுல கெடையாதே!"

"இருக்குங்க சார். கடைசிக்கு முந்தின பக்கம், கீழ, சின்ன எழுத்துல. மறுத்தா காரணம் சொல்லலாம்னு போட்டிருக்கு."

சார் பார்த்தார். இருந்தது. அவர் எழுதிய புத்தகம்தான். அவரும் தலைவர் என்பதால் படித்ததில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் பேர் என்னம்மா? எந்த வகுப்பு?" என்று கேட்டார்.

அந்த இரண்டாவது கேள்வியை ஒரு வருஷமாக யாரும் அவளைக் கேட்டதில்லை. கமலவேணி தூணை விட்டாள். பெண்களை விலக்கிக்கொண்டு நடந்தாள். பெற்றோர்களைத் தாண்டினாள். அதிகாரியிடம் போகாமல் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன தாயி?" என்றார் சின்னதுரை, அதே பிரியத்தோடு. இந்த முறை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் வேண்டுகோள் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அப்போதுதான் அவள் கண்டாள். ஒரு வருஷமாகவே தெரிந்திருந்தது.

"அப்பா, வெயிலுல என் கண்ணு ஒண்ணும் கெட்டுப்போவாதுப்பா. நான் தேறுனது அண்ணனுக்குக் கொறச்சலுன்னுதான் என்னைய நிறுத்துனீங்க. தவறுனவங்கள இருவத்தொரு நாள்ல தலைவராக்குனீங்க. தேறுனவள ஒரு வருசமா அடுப்படியில வச்சிருக்கீங்க. திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது, என்னைய நாலாம் பாரத்துக்கு அனுப்புங்கப்பா."