மூட்டுக்கு இல்லை, கைத்தடிக்கு உண்டு

மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்த நாள் முதலாக, அவன் நடைக்கு உருப்படியாக ஏதாவது செய்த ஒரே ஸ்தாபனம் எங்கள் செயற்கை மூட்டுக் கம்பெனிதான். அதன் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவில்', அதாவது புகார் வாங்கும் இடத்தில், பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இதுவரை ஒரு புகாரைக்கூட நாங்கள் ஏற்றுக்கொண்டதில்லை. பொருள் அத்தனை சுத்தம்!

அந்தப் பெருமையில்தான் என் அக்காவுக்கும் எங்கள் மூட்டையே சிபாரிசு செய்தேன். அக்கா தபால்காரி. ஆறு தெரு, எல்லாம் மாடி வீடு. வலது முழங்காலில் மூட்டு வைத்தார்கள். கூடவே ஒரு கைத்தடி இலவசம். பதினோராவது மாதம் மூட்டு ஆட ஆரம்பித்தது. கால் வைத்தால் டொக், எடுத்தால் டொக். தபால் வருவது தெருமுனையிலேயே கேட்டுவிடுவதால், அழைப்பு மணி அடிக்கும் வேலை அவளுக்கு மிச்சம். இந்த நன்மையை யாரும் பாராட்டவில்லை. மாத முடிவுக்குள் கால் சரியாகாவிட்டால், உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டியதுதான் என்று தபால் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

"நாலு சுவத்துக்குள்ள உட்கார வச்சா நான் செத்துடுவேன்டா. வேற மூட்டு வாங்கிக் குடு" என்று அக்கா என் மேசை முன்னால் அழுதாள். நான் புகார்ப் படிவத்தை எடுத்தேன். அக்காவே ஆனாலும் விதி விதிதானே?

"பொருளை முறைகேடாப் பயன்படுத்தினியா?"

"நடந்தேன்."

"அடிக்கடியா?"

"தினமும்டா!"

'குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்' என்று எழுதிக்கொண்டேன்.

"பழுதான பொருளை அதோட அட்டைப்பெட்டியில வச்சு அனுப்பணும்."

"அது என் காலுக்குள்ள இருக்குடா."

"அது இருக்கட்டும். பெட்டி இருக்கா?"

பெட்டி இல்லை. விவகாரம் முற்றிவிட்டதால் மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். பிஸ்கட் வந்தது. அக்காவை இரண்டு முறை எழுப்பி, மூன்று முறை உட்கார வைத்து, 'டொக்' என்பது பழுதல்ல, 'ஒலி வசதி' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"மூட்டு பிரமாதமா இருக்கும்மா. உங்க எலும்புதான் ஒத்துழைக்கல. எலும்பு சப்ளை பண்ணவங்களப் போய்க் கேளுங்க" என்றார் மேலாளர்.

"எங்கம்மாவையா?"

"யாரா இருந்தாலும்."

"அவங்க குடுத்த மூட்டு அம்பத்திரண்டு வருஷம் ஓடுச்சு சார். உங்களுது ஒரு வருஷம்கூடத் தாங்கல. இதுக்கு வாரண்டி எதுவும் கிடையாதா?"

"உடம்புக்குள்ள போயிட்டா வாரண்டி ஏதும்மா? உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்கு வந்ததே கோபம்! கைத்தடியை ஓங்கித் தரையில் ஒரு போடு போட்டாள். தடி இரண்டாகப் போனது.

மேலாளர் பதறி எழுந்தார். "ஐயையோ, தடி!"

மணி அடித்தார். நாலே நிமிடத்தில் புதுத் தடி வந்தது. படிவம் இல்லை, பெட்டி இல்லை.

"நான்தான் சார் அடிச்சு உடைச்சேன்" என்றாள் அக்கா. என்ன இருந்தாலும் அரசாங்க ஊழியை; பொய் வராது.

"பரவால்லம்மா! தடிக்கு மூணு வருஷ வாரண்டி. எப்படி உடைஞ்சாலும் கேள்வியே கேட்க மாட்டோம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. "எங்க கம்பெனியப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்டா" என்றாள். "மூட்டு எத்தன நாள் தாங்கும்னு இவங்களுக்குத் தெரியாது. ஆனா தடி எத்தன வருஷம் தேவப்படும்னு மட்டும் நல்லாத் தெரியுது."

டொக், டொக் என்று வெளியே போனாள்.

அக்கா இப்போது முத்திரை குத்துகிறாள். நான் அன்றைக்கே கோப்பை மூடிவிட்டேன்: 'பழுதான பொருள் உடனடியாக மாற்றித் தரப்பட்டது. வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி.' எந்தப் பொருள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. வாடிக்கையாளர் கையெழுத்துப் போடத்தான் இடம் இருந்தது. அவளுக்காக, தம்பி நான்தான் போட்டேன்.